மார்ச் மாதத்தில் செத்துக் கிடந்த காடு

அப்பாவுக்கு நான் முதன்முதலில் காட்டிய வரைபடத்தில் எங்கள் மாந்தோப்பு அடர்காடாக இருந்தது. தோப்புக்கு மேலே, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊடேதுர்கம் காப்புக்காடு இருக்க வேண்டிய இடத்தில், வெளிர்மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டல்.

அப்பா திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இது கிணறு, இது புளியமரம், இது சித்தப்பா கொல்லை என்று விரலை நகர்த்திக்கொண்டே போனவர் மலைக்கு வந்ததும் நின்றுவிட்டார். "ஏம்மா, காடு எங்க? வெட்டிட்டாங்களா?"

யாரும் வெட்டவில்லை. கார்த்திகை மாதம் அது. வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மலை ஈரமும் பச்சையுமாக நிற்கிறது. நான் காட்டிய படமோ அந்த வருடத்து மார்ச் மாதத்தில் செயற்கைக்கோள் எடுத்தது. மேகத் துணுக்குகூட இல்லாமல் பளிச்சென்று இருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். வண்ணம் பிரித்தேன், பெயர்கள் போட்டேன், அளவுகோல் வரைந்தேன், வடக்கு திசைக்கு அம்புக்குறிகூட வைத்தேன். தேதியை மட்டும் எழுதவில்லை. செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைபடம் செய்யும் புவித்தகவலியல் படித்து, பெங்களூரில் அதே வேலையில் நான்கு வருடம் இருந்தவள் நான். பிறந்த ஊர்க் காட்டை இல்லாமல் ஆக்கிய அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காடுகளில் பெரும்பகுதி இலையுதிர் காடு. நமையும் துரிஞ்சியும் தை பிறந்ததும் இலை கொட்டத் தொடங்கும். மாசி, பங்குனியில் மலை முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும். மாமரம் வருடம் முழுக்க இலையோடு நிற்கும் மரம். செயற்கைக்கோள் பார்ப்பது இலையைத்தான். இலையிலுள்ள பச்சையம் சிவப்பு ஒளியை விழுங்கிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை இலையின் உள்ளமைப்பு திருப்பி அடிக்கிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு எண் கிடைக்கும். அந்த எண் ஒன்றை நெருங்க நெருங்கப் பச்சை அதிகம். இந்தத் துறையில் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் பசுமைக் குறியீடு இதுதான். என் மார்ச் படத்தில் தோப்புக்கு 0.6-க்கு மேல் வந்தது, காட்டுக்கு 0.3-கூட வரவில்லை. கணக்கில் பிழை இல்லை. ஒரே ஒரு நாளின் கணக்கை ஒரு வருடத்துக்குமான உண்மையாக நான் நீட்டியதுதான் பிழை.

இந்தக் குழப்பம் என்னோடு முடிகிற ஒன்றல்ல. இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாட்டின் வனப்பரப்பு அறிக்கையை வெளியிடுகிறது. அதன்படி ஒரு ஹெக்டேரோ அதற்கு மேலோ பரப்பும், 10 விழுக்காடோ அதற்கு மேலோ மரக்கவிகையும் (மேலிருந்து பார்த்தால் மர உச்சிகள் மூடும் பரப்பு) இருந்தால் அந்த நிலம் வனப்பரப்பில் சேரும். யாருடைய நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. பெங்களூரா மாங்காய் காய்க்கும் தோப்பும் அதில் சேரலாம், தென்னந்தோப்பும் சேரலாம். இந்த வரையறையை அந்த நிறுவனம் மறைக்கவில்லை, அறிக்கையிலேயே எழுதித்தான் வைக்கிறது. நாளிதழ்ச் செய்தியில் அந்த வரி விழுந்துவிடுகிறது. கிருஷ்ணகிரி போன்ற மாமர மாவட்டத்தில் "வனப்பரப்பு கூடியது" என்று படித்தால், யானைக்கு இடம் கூடியது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாந்தோப்பில் யானை நின்றால் அன்றைக்கு ஊரே தூங்காது.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். படத்தின் துல்லியத்தை மீட்டரில் சொன்னால் எங்கள் ஊரில் யாருக்கும் பிடிபடுவதில்லை. அதனால் சென்ட் கணக்கில் சொல்லப் பழகினேன். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளி. அமெரிக்காவின் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி 22 சென்ட். காட்டுத்தீ எச்சரிக்கைக்குப் பயன்படும், செயற்கைக்கோளில் உள்ள விர்ஸ் கருவியின் புள்ளியோ 375 மீட்டர், ஏறக்குறைய 35 ஏக்கர். "காட்டில் தீ" என்று கைபேசிக்கு வரும் எச்சரிக்கையில் உள்ள இடம் உண்மையில் அந்த 35 ஏக்கரில் எங்கோ ஓரிடம். இதைக் கேட்டதும் அப்பா சொன்னார்: "அப்ப நம்ம களத்து மேடு உன் படத்துல ஒரு புள்ளிகூட வராது." சரிதான், வராது. வரப்பில் நிற்கும் புங்கமரமும் பக்கத்துக் கொல்லையின் தக்காளியும் ஒரே புள்ளிக்குள் கலந்து ஒரு நிறமாகிவிடும்.

யானையே தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அட்டோ யானைப் பூங்காவில் 31 சென்டிமீட்டர் துல்லியப் படங்களைக் கணினிக்குக் கொடுத்து யானைகளைக் கண்டுபிடிக்க வைத்திருக்கிறார்கள். அவை விலை கொடுத்து வாங்கும் படங்கள். நாம் இலவசமாக எடுக்கும் சென்டினல் நம் ஊருக்கு மேல் கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். அந்நேரத்துக்கு யானை மர நிழலுக்குள் போயிருக்கும். வெளியிலேயே நின்றாலும் ஒரு புள்ளியில் ஒரு மூலைக்கு வராது. வானத்திலிருந்து யானையைத் தேடும் ஆசையை நான் விட்டுவிட்டேன். யானை எதைத் தேடி வருகிறதோ அதைத் தேடலாம் என்று தோன்றியது.

எங்கள் பக்கத்தில் அது ராகி.

கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காடு ஜவளகிரியோடு ஒட்டிக்கிடக்கிறது. ஐப்பசியில் யானைக் கூட்டங்கள் அங்கிருந்து இறங்கும். தேன்கனிக்கோட்டை, நொகனூர், எங்கள் ஊடேதுர்கம், ஓசூருக்குப் பக்கத்தில் சானமாவு என்று காடு காடாகத் தங்கித் தங்கி நகரும். சானமாவு இன்று ஒரு தீவு. ஒரு பக்கம் பெங்களூர் நெடுஞ்சாலை, சுற்றிலும் தொழிற்சாலை, வீட்டுமனை, ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்கள். பழைய லேண்ட்சாட் படங்களையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்தப் பசுமைக்குடில்கள் வெள்ளை வெள்ளைக் கட்டங்களாக முளைத்து வருவது தெரியும். 2008-ல் லேண்ட்சாட் தன் பழைய படங்களை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதற்கு முன்னால் என்னைப் போன்ற ஒருத்தி உட்கார்ந்து இதைப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது எங்கள் ராகிக் கொல்லையில் நான்கு யானைகள் இறங்கின. அப்பா பரணில் இருந்தார். பட்டாசு நமத்துப்போய் வெடிக்கவில்லை. ஆயா வீட்டு வாசலில் நின்று தகரத்தைத் தட்டியபடியே அழுதது இன்னும் காதில் இருக்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தோம். தின்றது கொஞ்சம், மிதித்தது அதிகம். அடுத்த கொல்லைக்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கே விதைப்பு இருபது நாள் பிந்தியது, கதிரில் இன்னும் பால் பிடிக்கவில்லை. பால் பிடித்து மணி திரளும் கதிர்தான் யானைக்கு வேண்டும். அந்த இருபது நாள் வித்தியாசத்தை அன்றைக்கு ஆயா தெய்வச் செயல் என்றார். அதைப் படத்தில் பார்க்க முடியும் என்று எனக்குப் புரிய இருபது வருடமானது.

சென்டினல்-2 வரிசையில் முதல் செயற்கைக்கோள் 2015-லும் இரண்டாவது 2017-லும் ஏவப்பட்டன. அதிலிருந்து இந்த வரிசையில் இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. ஆடிப்பட்டத்தில் விதைத்த மானாவாரி ராகியை இந்த ஐந்து நாள் இடைவெளியில் தொடர்ந்து பார்த்தால் அதன் பசுமை எண் ஏறி, புரட்டாசியில் உச்சிக்குப் போய், கதிர் முற்ற முற்ற இறங்குவது ஒரு கோடாகத் தெரியும். மழை எல்லா ஊருக்கும் ஒரே நாளில் வருவதில்லை. ஒரு கொட்டாயில் (சிற்றூரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்) முன்னால் விதைத்திருப்பார்கள், அடுத்ததில் பின்னால். கோடு எங்கே முதலில் சரிகிறதோ அங்கே கதிர் முதலில் முற்றுகிறது. நான் செய்வது அவ்வளவுதான். சுற்றுவட்டாரக் கொட்டாய்களின் ராகி நிலங்களைக் கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் எல்லை கட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படம் வந்ததும் சராசரி எடுப்பேன். எந்தக் கொட்டாய் இந்த வாரம், எது அடுத்த வாரம் என்று ஒரு பட்டியல் அப்பாவுக்குப் போகும். அப்பா அதைக் காவல் முறை போடுபவர்களிடம் சொல்வார். ஆள் குறைவு, இரவு நீளம். பத்துப் பேர் எல்லாக் கொல்லையையும் காக்க முடியாது. எந்தப் பரணில் இன்றைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது பெரிய கேள்வி.

மேகம்தான் எனக்குப் பகை. ஐப்பசியில் தொடர்ந்து மூன்று படம் வெறும் வெள்ளையாக வந்த வருடமும் உண்டு, அதுவும் சரியாகக் கோடு சரியும் நேரத்தில். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ராடார் படம் சென்டினல்-1 தருகிறது. அதுவும் இரண்டு செயற்கைக்கோள்களாக இருந்தது. 2021 டிசம்பரில் அந்த இரட்டையில் ஒன்று பழுதாகி நின்றது, அதன்பின் உலகின் பல இடங்களில் படங்களுக்கு இடையில் நாள் கூடியது. ராடாரைப் படிப்பதும் வேறு வித்தை. அது நிறத்தைப் பார்க்காது, ஈரத்தையும் சொரசொரப்பையும் பார்க்கும். மழை பெய்த மறுநாள் எல்லா நிலமும் ஒன்றுபோலத் தெரியும். நான் இன்னும் அதில் கற்றுக்குட்டிதான். மேகம் மூடிய வாரங்களில் பழைய வழிதான்: அப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதிரை நசுக்கிப் பார்த்துவிட்டு வருவார்.

காட்டுக்குள் நடந்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. வேட்டைத் தடுப்புக் காவலராக இருக்கும் ஒரு அண்ணன், இருளர், எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர். என் கைபேசியில் கார்த்திகை மாதப் படத்தைப் பார்த்தார். ஒரு சரிவு முழுக்கக் கரும்பச்சை. நான் அங்கே நல்ல மேய்ச்சல் இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "அது உண்ணிச்செடிம்மா. ஆனை உள்ள போனா ஒதுங்கிப் போகும், வாய் வைக்காது. புல்லு அதுக்கடியில முளைக்கவே முளைக்காது."

உண்ணிச்செடிக்கும் நமைக்கும் அகச்சிவப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. கார்த்திகைப் படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முடியாமல் இரண்டு வாரம் முட்டினேன். பிறகு அவரிடமே கேட்டேன், "அண்ணா, மரமெல்லாம் இலை கொட்டின பிறகும் உண்ணி பச்சையா இருக்குமா?" இருக்கும் என்றார். தையில் பச்சை, மாசிக் கடைசியில் அதுவும் காய்ந்துபோகும். அப்படியானால் மரம் மொட்டையாகி, அடியில் புதர் மட்டும் பச்சையாக நிற்கிற அந்த இடைப்பட்ட நாட்களில் எடுத்த படம் போதும். பிப்ரவரி நடுவில் எடுத்த படத்தையும் கார்த்திகைப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டேன். இரண்டிலும் பச்சையாக இருந்த இடங்கள் தனியாக நின்றன. அவற்றை அச்செடுத்து அவரிடம் கொடுத்தேன். பென்சிலால் ஒன்பது இடத்தில் வட்டம் போட்டார். ஆறு உண்ணி, இரண்டு மூங்கில், ஒன்று ஊற்று. ஊற்றுக்குப் பக்கத்தில் மரம் இலை கொட்டுவதில்லை, அதனால் அது பச்சை. அந்த ஊற்று நான் வைத்திருந்த எந்த வரைபடத்திலும் இல்லை.

உண்ணியை எங்கே வெட்டலாம், தண்ணீர்த்தொட்டி எங்கே தேவையில்லை என்று முடிவெடுக்க இந்த ஒரு தாள் உதவும். அகழிக்கும் இப்படித்தான். யானை அகழி ஓடை குறுக்கிடும் இடத்தில் மழைக்கு மழை மண் சரிந்து தூர்ந்துபோகும், யானை அந்த இடத்தைத்தான் தேடி வரும். 2000 பிப்ரவரியில் ஒரு விண்வெளி ஓடத்திலிருந்து ராடாரால் அளந்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தண்ணீர் ஓடும் பாதைகளைக் கணக்கிட்டு அகழிக் கோட்டோடு வெட்டினால் பலவீனமான இடங்கள் தோண்டும் முன்பே தெரிந்துவிடும். இதை ஏன் எல்லா இடத்திலும் வழக்கமாகச் செய்வதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

என் பழைய மார்ச் படத்துக்கும் ஒரு பயன் உண்டு. காவிரிக் கரையில், பிலிகுண்டுலு பக்கம், காடெல்லாம் வெளுத்துக் கிடக்கும் அந்த மாதத்தில் ஆற்றையொட்டி மட்டும் ஒரு மெல்லிய பச்சை நூல் ஓடும். நீர்மருதும் புளியும் நிற்கும் கரை அது. சாம்பல் நிற மலை அணில் வாழ்வது அந்த நூலில். மழைக்காலப் படத்தில் அந்தக் கரையைக் காட்டிலிருந்து பிரிக்கவே முடியாது. 2014-ல் 504 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பரில் 686 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்கு சரணாலயம் வந்தது, அது வடக்கையும் கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தையும் இணைக்கிறது. அறிவித்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பரப்புக்குள் எந்த மாதத்தில் எங்கே தண்ணீர், எங்கே நிழல் என்று மாதத்துக்கு ஒரு வரைபடமாகப் பன்னிரண்டு வேண்டும். ஒன்று போதாது.

2023 மார்ச்சைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. மாரண்டஹள்ளிப் பக்கத்தில் கொல்லையைச் சுற்றி சட்டத்துக்குப் புறம்பாகப் போட்டிருந்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாய் உடலைவிட்டு நகராமல் நின்றன. அதே மாதம் கம்பைநல்லூர் அருகே ஒரு ஆண் யானை மேட்டின்மேல் ஏறியபோது தலைக்கு மேலே போன உயரழுத்த மின்கம்பியில் பட்டு விழுந்தது. அந்தக் காணொளியை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன்.

அன்றிரவு என்னிடமிருந்த நில உயரத் தரவைத் திறந்து அந்தப் பகுதியைப் பார்த்தேன். சமதளம். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் மேடும் அதன் இருபக்கத்துப் பள்ளமும் சராசரியாகி ஒன்றுமில்லாமல் போயிருந்தன. கம்பியும் தெரியாது, வேலியும் தெரியாது. உயிரைக் குடித்த எதுவும் என் படத்தில் இல்லை. கம்பிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை நடந்துபோய்க் கோல் வைத்துத்தான் அளக்க வேண்டும். வரைபடம் செய்யக்கூடியது, எந்தக் கம்பித்தடங்கள் யானை வழியைக் குறுக்கே வெட்டுகின்றன என்று பட்டியல் கொடுத்து, அந்த நடையைக் குறைப்பது. போன வருடம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் அப்படி நாற்பத்தோரு இடம் குறித்தேன். அப்பாவும் காவலர் அண்ணனும் இதுவரை பதினேழு இடத்துக்கு மூங்கில் கழியோடு போய்வந்திருக்கிறார்கள்.

தேதி போட்ட படம் சாட்சியாகும் என்று நம்பி ஒருமுறை ஏமாந்ததும் உண்டு. சித்தப்பா பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டார். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் அந்தக் கொல்லைக்கு வேறு பயிர் எழுதியிருந்தது. அங்கே ராகிதான் நின்றது என்று காட்ட மூன்று மாதப் படங்களைத் தேதி வாரியாக அச்செடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். வாங்கிப் பார்க்கக்கூட ஆளில்லை. 1792-ல் பாராமகால் என்று அன்றைக்குச் சொன்ன இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபின் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலம் நிலமாக அளந்து வரி கட்டிய மண் இது. அளவு எடுப்பதில் இந்த மண்ணுக்கு இருநூறு வருடப் பழக்கம் இருக்கிறது. அன்றைக்கு வரி வாங்க அளந்தார்கள். பயிர் போனவனுக்காகவும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அந்தப் படம் சேதத்தை மெய்ப்பிக்கும் என்று நான் வாதிடவில்லை. யானை மிதித்த கொல்லையும் அறுத்த கொல்லையும் பத்து மீட்டர் புள்ளியில் ஒன்றுபோலத்தான் தெரியும். என்ன பயிர், எந்த வாரம் வரை நின்றது என்பதை அது சொல்லும். கேட்டது அதற்கு மட்டும்தான்.

இங்கே நான் ஒரு வரைபடத்தையும் இணைக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊற்றின் இடமும் கூட்டம் தங்கும் சரிவும் தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். சந்தனத்துக்கும் தந்தத்துக்கும் இந்தக் காடுகள் கொடுத்த விலை போதும்.

இது கார்த்திகை. வடக்கே இரண்டு கொட்டாய்களில் கோடு சரியத் தொடங்கிவிட்டது. எங்கள் கொல்லைக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போலத் தெரிகிறது. நேற்றிரவு அப்பா அழைத்தார். நலம் விசாரித்து முடித்ததும், "கடைசியா பார்த்தது எந்தத் தேதி படம்மா?" என்றார். சனிக்கிழமை எடுத்தது என்றேன். "அதுக்கப்புறம் ரெண்டு நாள் வெயில் அடிச்சிருக்கு," என்றார்.

அடுத்த படம் வியாழன் காலை. அன்றைக்கு வானம் வெளுத்திருக்க வேண்டும்.